குழந்தைக்கு அவசரமில்லை என்ற பதில்

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்த அந்தக் காலையில் என் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் என் அம்மா, என் மாமனார், சலைன் பாட்டிலை மாற்ற வந்த ஒரு நர்ஸ். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா, சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, என் கல்யாணத்துக்கு முந்தைய வருடமே போய்விட்டார். இன்னொருத்தி என் மனைவி நந்தினி. அவள் வேலைக்குப் போயிருந்தாள். மருத்துவமனையில் நான் கிடந்த அத்தனை இரவும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள் அவள்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு அவள் கிளம்பியாக வேண்டும். அவளுடைய கம்பெனியில் அந்த வாரம் ஷிப்மென்ட், லீவு கிடையாது. பெரிய டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார். அதனால் அவளும் டாக்டரும் ஒருநாள்கூட நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் இருந்திருந்தால் இதை எழுதும் தேவை எனக்கு வந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊத்துக்குளிப் பக்கம் சொந்த ஊர். இப்போது திருப்பூர் நல்லூரில், கீழ்த்தளத்தில் நாலு ஓவர்லாக் தையல் மிஷின் ஓடும் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, நெஞ்சளவு, தோள், கை நீளம் எல்லாம் டேப் வைத்துப் பார்க்க வேண்டும். கொடுத்த அளவுக்குக் குறைந்தால் பாஸ் கிடையாது, திருத்தத்துக்குப் போகும். வருடக்கணக்காக இதையே செய்ததில் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு, குறைந்தால் சரிசெய்துவிடலாம் என்று மனம் பழகிவிட்டது.

எனக்குச் சர்க்கரை இருப்பது இருபத்தாறு வயதிலேயே தெரிந்தது. டைப் டூ என்பார்கள். உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. போகப்போகச் சுரப்பதும் குறையும். பெண் பார்க்கப் போனபோதே மறைக்காமல் சொன்னோம். நந்தினியின் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். "மாத்தரையில நிக்குதுங்களா? அப்பறமென்னுங்க. என்ற தம்பிக்குந்தான் இருக்குது, எருமையாட்டம் இருக்கறான்" என்று அந்தப் பேச்சையே முடித்துவிட்டார்.

கல்யாணமாகி இரண்டாவது வருடத்தில் வேறொன்று தொடங்கியது. முதலில் ஆசை குறைந்தது. ஆசை இருந்த நாளிலும் உறுப்பு விறைக்கவில்லை, விறைத்தாலும் நிற்கவில்லை. நான் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவன். காலையில் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அந்த அலுப்பு என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். நந்தினி ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை. "தூங்குங்க மாமா, காலைல நேரமே போகோணுமில்ல" என்பாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கேள்வி அவளைத்தான் தேடி வரும். "என்ன அம்மணி, ஏதாச்சும் விசேஷமா?" என்பார்கள். "இருந்தாச் சொல்லாமயா போறமுங்க" என்று சிரித்துக்கொண்டே பந்திக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாள். மூன்றாவது வருடத்தில் அவள் விசேஷங்களுக்கே போவதைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்குக் குழந்தை வேண்டும். எனக்கும் வேண்டும். இதை நாங்கள் இருவரும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோமே தவிர, மூன்றாவது ஆளிடம் சொன்னதில்லை.

அந்தப் பங்குனியில் என் தொடையின் உள்பக்கம் ஒரு கட்டி வந்தது. அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். அது பழுக்காமல் பரவியது, காய்ச்சல் தூக்கியது. கம்பெனி நண்பன் பைக்கில் உட்காரவைத்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "நானூத்தி எண்பது. இதோடவா நடந்து வந்தீங்க?" என்றார். முந்தைய வருடம் சம்பளம் ஏறியதில், தொழிலாளர் வைத்தியக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் வரம்பைத் தாண்டியிருந்தேன். அன்று அந்த உயர்வுக்காக லட்டு வாங்கிக் கொடுத்தவன், அட்மிஷன் கவுன்டரில் முன்பணம் கேட்டபோதுதான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

கட்டியைக் கீறிவிட்டார்கள். கையில் ஆன்டிபயாட்டிக், வயிற்றில் இன்சுலின். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு; ஏழுக்குள் இருந்தால் நல்லது. எனக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்கு அந்த எண்கள் எதுவும் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவள் அப்பாவோடு இதே மாதிரிக் கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்தவள். உள்ளே வருகிறவர் டாக்டரா, நர்ஸா, தரை துடைப்பவரா என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "காலு எடுக்க மாட்டீங்கல்ல சாமி?" தரை துடைக்க வந்த அக்கா, "எனக்கென்னுங்க தெரியும், நான் மாப் போடறவ" என்று சொல்லிவிட்டு, போகும்போது திரும்பி, "எடுக்க மாட்டாங்க, வெசனப்படாதீங்க" என்றும் சொன்னார். அம்மா அன்றைக்குத்தான் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மாமனார் உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்தார், ஒரு சாக்கில் இளநீரோடு. நர்ஸ் பார்த்துவிட்டார்.

"ஐயா, சர்க்கரை நானூறுக்கு மேல இருக்கற ஆளுக்கு இதையா கொண்டாந்தீங்க?"

"வெறுந்தண்ணிதானுங்க அம்மணி. நானென்ன சர்க்கரையா போட்டுக் கலக்கீருக்கறன்? மரமே குடுத்ததுங்க."

"மரத்துக்குத் தெரியுமாங்க இவுருக்குச் சர்க்கரைன்னு?"

வார்டே சிரித்தது. கடைசியில் அந்த இளநீரையெல்லாம் பக்கத்துக் கட்டில்காரர்களும் நர்ஸ்களும் குடித்தார்கள். மாமனார் ஒவ்வொன்றையும் தானே சீவிக் கொடுத்தார்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, டியூட்டி டாக்டர் ஒருவர் காயத்தைப் பார்க்க வந்தார். என் வயதுதான் இருக்கும். அம்மா பாத்திரம் கழுவப் போயிருந்தாள். அந்தச் சில நிமிடத் தனிமையை விட்டால் வேறு வாய்க்காது என்று, என்னுடைய இன்னொரு கஷ்டத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இது சாதாரணமாக வருவதுதான் என்றார். ரத்தக் குழாயும் நரம்பும் பழுதாவதால் விறைப்பு குறையும். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் குறைவதாலும் ஆசையும் தெம்பும் போகும். "அளவு பாத்துரலாமுங்க" என்று அப்போதே ரத்தம் எடுக்கச் சொன்னார். அவ்வளவு நாள் சுமந்ததை ஒருவர் இவ்வளவு எளிதாக வாங்கிக்கொண்டாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அந்த ரவுண்ட்ஸ்.

பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். "ஆண் ஹார்மோன் ரொம்பக் குறைவா இருக்குதுங்க. ஊசி போட்டுச் சரி பண்ணிரலாம். குழந்தை பெத்துக்கற ரோசனை இப்ப இருக்குதுங்களா?"

அம்மா பக்கத்தில் நிற்கிறாள். மாமனார் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறார். நர்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் தவிப்பதை மாமனார் பார்த்தார். பெண்ணைக் கொடுத்த இடத்தில், மாப்பிள்ளையின் ஆண்மையைப் பற்றி அவருடைய தாயின் முன்னால் பேச்சு வருகிறது. எந்த மரியாதை தெரிந்த மாமனாரும் செய்யக்கூடியதை அவர் செய்தார். என்னைக் காப்பாற்றினார்.

"அதுக்கெல்லாம் இப்ப ஒண்ணும் அவசரமில்லீங்க சார். எங்களுக்கு மாப்ள நல்லாத் தேறி வந்தாப் போதுமுங்க. கொழந்தை எங்க போயிருது?"

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த நேரத்தில் மாமனார் மேல் எனக்கு வந்த நன்றியை எப்படிச் சொல்வது? கால் பக்கம் போர்வையை இழுத்து மூடுகிற மாதிரி என் மானத்தை மூடிவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒன்று என்று இடுப்பில் ஊசி. வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதமே நான் வேறு ஆளாகிவிட்டேன். காலையில் எழும்போதே தெம்பு இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நந்தினியின் பக்கம் திரும்பிப் படுக்கப் பயம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே மிஷின்கள் ஓடாது. வீடு அமைதியாக இருக்கும். "ஏனுங்க, சர்க்கரை எறங்குனா மனுசன் இப்படி ஆவாங்கன்னா முன்னாலயே எறக்கியிருக்கலாமில்லீங்க?" என்று ஒரு மத்தியானம் அவள் என் முதுகில் தட்டினாள். ஹார்மோன் ஊசியும் போடுகிறார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஆண் ஹார்மோன் ஏறினால் குழந்தையும் வரும் என்றே இருவரும் நினைத்தோம். குறைந்த அளவை நிரப்பினால் பாஸ். இதைவிட நேரான கணக்கு என்ன இருக்க முடியும்?

மாதங்கள் ஓடின, ஒன்றும் தங்கவில்லை. நந்தினிக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தோம், குறையில்லை. பிறகு என்னுடைய விந்துப் பரிசோதனை. திருப்பூரிலேயே ஒரு லேப். தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு சின்ன அறை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மூடி போட்ட டப்பா. வெளியே யாரோ, "இன்னும் எவ்வளவு நேரமாகுங்க, பார்க்கிங்ல வண்டி நிக்குது" என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கதவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரிப்போர்ட்டைக் கொடுத்த பெண் என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டரப் பாத்துருங்கண்ணா" என்றாள். உயிரணுக்கள் ஒன்றுகூட இல்லை என்று அதில் இருந்தது.

கோயமுத்தூரில் ஹார்மோன் வைத்தியம் மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். காத்திருக்கும் அறையில் எல்லா ஜோடியும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஃபைல் மனைவியின் மடியில், கணவனின் கண் சத்தமில்லாமல் ஓடும் டி.வி.யில். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; என்ன ஓடியது என்று இப்போது கேட்டால் தெரியாது.

டாக்டரம்மா ஃபைலைப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார். "இந்த ஊசி எவ்வளவு நாளாப் போடறீங்க?"

"ஏழு மாசமா மேடம்."

"நிறுத்துங்க. இன்னியோட." பிறகு என் வேலையை விசாரித்தார். சொன்னதும் லேசாகச் சிரித்தார். "திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்றது சுலபம். சரக்கு முழுக்க வெளியாளுக்கு ஜாப் ஒர்க் குடுத்துத் தைச்சு வந்து குவியுதுன்னா, ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க? சொந்த யூனிட்டுக்கு ஆர்டர் போடறத நிறுத்திருவாங்க. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்குது, அதுதான் ஆபீஸ். விதைகளுக்கு ஆர்டர் அனுப்பறது அதுதான். நீங்க ஹார்மோன வெளியிலிருந்து ஊசியாப் போட்டதும், இங்கதான் நெறைய இருக்குதேன்னு அது நிறுத்திருச்சு. ஆர்டர் இல்லாம யூனிட் மூடிக்கெடக்குது. உயிரணு உற்பத்தி நின்னு போச்சு."

அவர் சொன்ன இன்னொன்று என்னை அதைவிட உலுக்கியது. இந்த ஹார்மோனைக் காலையில், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, வேறு வேறு நாட்களில் இரண்டு தடவை பார்க்க வேண்டுமாம். காய்ச்சலில் கிடக்கும்போது பார்க்கவே கூடாதாம். "அந்தக் கட்டியோட, அந்தச் சர்க்கரையோட, மத்தியானச் சாப்பாட்டுக்கப்பறம் எடுத்தா எந்த ஆம்பளைக்கும் கொறைவாத்தான் காட்டும்." அப்படியென்றால் எனக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காதா? "தெரியாதுங்க. உங்களுக்கு நெசமாவே கொஞ்சம் கொறைவா இருந்திருக்கலாம், சர்க்கரை இருக்கற நெறையப் பேருக்கு இருக்குது. அன்னைக்கு நெலமை என்னன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

"சரியாயிருமுங்களா மேடம்?" என்று நந்தினி கேட்டாள்.

"பெரும்பாலும் திரும்பும். ஆறு மாசமாகலாம், ஒரு வருசமாகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். யூனிட்டை எழுப்பறதுக்கு வேற ஊசி இருக்குது, வாரம் மூணு தரம் போடணும். ஆனா எல்லாத்துக்கும் திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க முடியாதுங்கம்மா." பிறகு ஃபைலை மூடிக்கொண்டே, தனக்குத்தானே பேசுவது போல, "குழந்தை வேணுமான்னு கேக்காம இந்த ஊசிய எழுத மாட்டாங்களே" என்றார்.

"கேட்டிருக்க மாட்டாங்க மேடம். கேட்டிருந்தா இவுங்க சொல்லாமயா இருப்பாங்க?" என்றாள் நந்தினி.

நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அவிநாசி வரும்வரை அவள் மடியில் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நான் சொல்லல. உங்கப்பா சொன்னாரு. அவசரமில்லீங்கன்னு."

"எங்கப்பனா?" அவளுடைய குரலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு சொல்லியிருப்பாரு" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"படுத்திருந்தன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது அவள் நின்றாள். "இது அவருக்குத் தெரியவே கூடாதுங்க மாமா. நானும் கேக்க மாட்டன். நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சுதுன்னா தோப்புக்குப் போற மனுசன் திரும்பி வர மாட்டாரு."

ஊசியை நிறுத்திய பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. திருட்டுக் கரண்டைத் துண்டித்த வீடு மாதிரி இருந்தது உடம்பு. ஆசை போயிற்று, விறைப்பு போயிற்று, பனியன் மேசை முன்னால் நின்றால் இடுப்பு வலித்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. எந்த மருந்து என்னைக் கணவனாக நடமாட வைத்ததோ, அதை விட்டால்தான் அப்பாவாக முடியும் என்றால் ஒரு மனிதன் எந்தப் பக்கம் நிற்பது? புது ஊசியை நந்தினியே போடக் கற்றுக்கொண்டாள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, "மூச்ச இழுங்க" என்று சொல்லிவிட்டு, இழுப்பதற்குள் குத்திவிடுவாள். பழையபடி "தூங்குங்க மாமா" என்கிறாள். ஆனால் இப்போது திரும்பிப் படுப்பதில்லை, கையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள். அவள் அப்பா போன் செய்தால் முன்பைவிட அதிக நேரம் பேசுகிறாள். தேங்காய் விலை, நாய் குட்டி போட்டது, எல்லாம் கேட்கிறாள். பேசி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறாள்.

கம்பெனி வேலையில் அளவு குறைந்தால் தையலைப் பிரித்து மறுபடி அடிப்போம். இங்கே பிரிப்பதற்கும் தையல் இல்லை, அடிப்பதற்கும் மிஷின் இல்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்து, எடையைக் குறை, தூங்கு, காத்திரு. இவ்வளவுதான் என் கையில் இருக்கிறது. ஒன்றரை ஷிப்டை விட்டுவிட்டேன். மூன்று மாதச் சராசரி ஏழு சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது. முதல் மறுபரிசோதனையில் உயிரணு இல்லை. போன மாதம் எடுத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இருந்தன. "வருது. போதாது" என்றார் டாக்டரம்மா. அதற்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் இருவரும் கேன்டீனில் டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

இதைப் படிக்கும் தம்பிகளில் யாருக்காவது சர்க்கரையோடு இந்தக் கஷ்டமும் இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது உங்கள் குற்றமல்ல. சந்து பொந்தில் விற்கும் லேகியத்துக்குப் போகாதீர்கள். ஹார்மோன் பார்ப்பதாக இருந்தால் உடம்பு தேறிய பிறகு காலையில் பாருங்கள். குழந்தை வேண்டுமென்றால், கட்டிலைச் சுற்றி யார் நின்றாலும் சரி, சொந்த வாயால் சொல்லிவிடுங்கள். வாய் வராதென்றால், மனைவி ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட இருக்கட்டும். லீவு கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். தோப்புக் குத்தகைப் பணம் வாங்கியிருந்தார் போல, சட்டைப் பை புடைத்திருந்தது. கோயமுத்தூர் வைத்தியம் எல்லாம் சர்க்கரைக்கென்றே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மோர் குடித்துவிட்டு, ஒரு கட்டுப் பணத்தை எடுத்து டி.வி. மேசையில் வைத்தார்.

"அய்யோ, எதுக்குங்க மாமா இது?"

"இருக்கட்டுங்க மாப்ள. எம்புள்ளயும் சேர்ந்துதான கஷ்டப்படறா. எளச்சுப் போயிட்டா பாருங்க. கேட்டா ஒண்ணுமில்லீங்கப்பாங்கறா." சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இந்தச் சர்க்கரைக்கு இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆச்சுங்க? என்றகிட்ட மறைக்காமச் சொல்லோணும்."

உள்ளே நந்தினி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"மருத்துவமனை, பரிசோதனை, கோயமுத்தூர், ஊசி, எல்லாஞ் சேத்துங்களா?"

"எல்லாஞ் சேத்துத்தானுங்க."

"ரெண்டு லட்சத்து நாப்பத்தோராயிரத்து அறநூறுங்க மாமா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் மறுபடி கேட்டது.